தேயிலைப் பெட்டியும் அடுக்குக் கதிரையும்

தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசுகட்டிலில், அது இன்னதென்று அறியாது ஏறி உறங்கிவிட்ட மோசிகீரனார் என்னும் புலவர், வாளுக்கு இரையாகாது தப்பியதோடு மன்னன் கையாலேயே கவரி வீசவும் பெற்றார் என்பது புறநானூற்றின் 50ஆம் பாடலால் அறியப்படும் செய்தி. புலமைக்குக் கிடைத்த மதிப்புக்குச் சான்றாகவே அறிஞர் பலரும் இந்நிகழ்ச்சியை எடுத்தாள்வர். ஆயின் அதன் மறுபக்கமும் சிந்திக்கற்பாலது. ஏறக்கூடாத இடத்தில் ஏறியவனுக்கு உரியது வாள் என்பதே அன்றைய வழக்கு. புலவர் பெற்றது விதிவிலக்கு. கட்டில், தவிசு, அரியணை, ஆசனம் எனத் தமிழில் வழங்கிய சொற்கள் பல, உட்காரும் பொருளைக் குறிப்பதோடு உட்காருபவரின் தகுதியையும் உடன் குறித்து வந்திருக்கின்றன. 'நாற்காலி' என்ற சொல் ஒன்றே தகுதி எதனையும் பேசாமல் கால்களை மட்டும் எண்ணிச் சொல்கிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'கதிரை' போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அந்நியன் கொண்டுவந்த பொருள், அவன் பெயரோடும் அவன் அதிகாரத்தோடும் சேர்ந்தே இந்நாட்டுக்கு வந்தது.

இந்தக் கதிரை மலையகத் தோட்டத்து லயக் காம்பராவினுள் எப்பொழுது, எவ்வாறு நுழைந்தது என்பது இதுவரை பெரிதாக எவரும் கேளாத கேள்வி. மலையக மக்களின் வரலாற்றை எழுதுவோர் சம்பளம், குடியுரிமை, தொழிற்சங்கம், இலக்கியம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர், அது முறையானதே. எனினும் ஒரு மக்கட்கூட்டத்தின் அன்றாட வாழ்வில் எப்பொருள் இருந்தது, எப்பொருள் இருக்க இடமில்லாது போயிற்று என்பதும் வரலாறுதான்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து இலங்கைத் தேயிலையின் வாணிக வரலாறு தொடங்குகிறது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த ஆண்டுகளில் கோப்பியை அழித்தொழிக்க, அந்நிலங்கள் தேயிலைக்கு மாறின. 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் புகையிரதப் பாதை எட்டியது. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து பருவத்தோடு திரும்பிய தென்னிந்தியத் தொழிலாளர், ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு தங்கவேண்டியவர்களாயினர். ஆனால் தங்குமிடம் மட்டும் தற்காலிகப் படைவீடு போன்ற அமைப்பையே தொடர்ந்தது. நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகள்; முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களும் உண்டு. அறை ஒன்றின் பொதுவான அளவு 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. இந்த 120 சதுர அடிக்குள்ளேயே சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு, நோய், சாவு அனைத்தும் நடந்தேறின. விறகு அடுக்கவும் தட்டுமுட்டுச் சாமான் வைக்கவும் போக எஞ்சிய நிலத்தில் இரவு பாய் விரியவேண்டும். பகலில் சுருட்டி வைக்கக்கூடிய பாயே இவ்வறைக்கு ஏற்ற தளபாடம். சுருட்டவோ மடிக்கவோ ஒன்றன்மேல் ஒன்று வைக்கவோ முடியாத எதற்கும் அங்கே இடமில்லை.

இடமின்மை ஒரு காரணம். மற்றொரு காரணம் அந்தஸ்து. தோட்டத்தின் சமூக அமைப்பை யார் எங்கே நின்றார்கள், யார் எங்கே அமர்ந்தார்கள் என்பதைக் கொண்டே வரைந்துவிடலாம். பங்களாவின் விறாந்தையில் பெரியதுரையின் சாய்மனைக் கதிரை கிடந்தது. பிரம்பு பின்னிய சாய்ந்த இருக்கையும், கால்களைத் தூக்கிப் போட்டுக்கொள்ளத்தக்க நீண்ட கைகளும் கொண்ட இக்கதிரை, ஆங்கிலத் தளபாட வரலாற்றில் தோட்டத்துரையின் பெயராலேயே வழங்குகிறது. மடிக்கவோ அடுக்கவோ முடியாத, ஒருவர் படுக்கையளவு இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கதிரை அது. இடத்தைப் பற்றிய கவலையில்லாதவனுக்காகச் செய்யப்பட்டது. கணக்கப்பிள்ளைக்கும் கிளாக்கருக்கும் ஆபீசில் மரக்கதிரை. பெரிய கங்காணி வசதி படைத்தவராயின் தம் வீட்டில் கதிரை வைத்திருப்பார். தொழிலாளி பிரட்டுக்களத்தில் நின்றான்; ஆபீசின் முன்னால் நின்றான்; துரை வரும் வழியில் ஒதுங்கி நின்றான், குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து. கொழுந்து பறிக்கும் பெண்ணோ நாள் முழுவதும் சரிவில் நின்றாள். மலையில் நிற்பது தொழிலின் இயல்பு எனலாம். ஆபீசின் முன் நிற்பது தொழிலின் இயல்பன்று.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். தரையில் அமர்வது தமிழரின் பழைய வழக்கந்தானே, கதிரை இல்லாமை எவ்வாறு குறையாகும் என்பதே அது. நியாயமான கேள்வி. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளின் கிராமத்து வீடுகளில் சாணமிட்டு மெழுகிய தரை, வெயிற்காலத்தில் உடம்புக்கு இதமளிப்பது. திண்ணையும் மணைப்பலகையும் கோரைப்பாயும் அம்மண்ணுக்கும் அவ்வெப்பத்துக்கும் பொருந்தி வந்தவை. கதிரை இல்லாத வீடு அங்கே வறிய வீடு ஆகாது. ஆனால் கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலும், தென்மேற்குப் பருவமழை மாதக்கணக்காகக் கொட்டும் ஹற்றன், நோர்வூட் பகுதிகளிலும் தரை ஈரமானது, குளிரானது. சமவெளிப் பழக்கம் மலைக்கு வந்தபோது இதம் போய் ஈளையும் மூட்டுவலியுமே மிஞ்சின. சாக்கை விரித்தோ பலகைத் துண்டைப் போட்டோ அமர்வது அதற்குக் கண்ட எளிய பரிகாரம். ஆகவே இதனை வெறும் 'மரபு' என்று சொல்லிக் கடந்துவிடுதல் பொருந்தாது.

கதிரைக்கு இடமில்லாத தோட்டத்தில் பெட்டிக்கு மிகுந்த இடமிருந்தது. தேயிலை ஸ்டோரில் வாட்டி, அரைத்து, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்த தூள் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கொழும்புக்கும் அங்கிருந்து இலண்டனுக்கும் சென்றது. பெட்டியொன்றில் ஏறத்தாழ 100 இறாத்தல் கொள்ளும். அது இலேசாக இருக்கவேண்டும், ஏனெனில் கப்பற்கூலி எடைக்கும் பருமனுக்கும் உரியது; உறுதியாக இருக்கவேண்டும், ஏனெனில் கப்பலின் அடித்தட்டில் அதன் தலைமேல் வேறு பெட்டிகள் ஏறும்; வெறுமையாக வரும்போது இடத்தை அடைக்காதிருக்கவேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றியது ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தகடுகளை, ஒன்றின் இழை மற்றொன்றின் இழைக்குக் குறுக்காக அமையும்படி ஒட்டிச் செய்யும் இப்பலகை, அதே கனமுள்ள தனிமரத்தைப் போல் எளிதில் பிளவுபடாது. பெட்டிகள் தட்டையான பலகைகளாகக் கட்டுக் கட்டாக வந்திறங்கி, ஸ்டோரிலேயே விளிம்புக்குத் தகரப்பட்டையும் உள்ளே ஈயத்தாளும் வைத்து ஆணியடித்துப் பூட்டப்பட்டன.

இப்பெட்டிகளிற் புகழ்பெற்றது வெனெஸ்ரா என்னும் பெயருடையது. அதன் பலகை எஸ்தோனியாவின் ரெவால் நகரில், இன்றைய தாலினில், ஏ. எம். லூதர் தொழிற்சாலையில் உருவானது. இலண்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட வெனெஸ்ரா நிறுவனம் அதனைத் தேயிலை வணிகத்துக்கு விற்றது. துருவ ஆய்வாளர் ஷாக்கிள்டன் 1907இல் தென்துருவத்துக்குப் புறப்பட்டபோது உணவுப் பொருள்களை வெனெஸ்ராப் பெட்டிகளிலேயே கொண்டுசென்றார். 1908இல் அப்பனிப்பாலையிலேயே அச்சிட்டுக் கட்டப்பட்ட நூலின் அட்டையும் அப்பெட்டிப் பலகைதான். இதில் நம் கவனத்துக்குரியது வேறொன்று. லூதர் தொழிற்சாலை பெட்டிக்கு முன்னரே பெயர்பெற்றது, கதிரைக்கு இருக்கைப்பலகை செய்வதில்! தேயிலையைச் சுமந்த பலகையும் ஐரோப்பியனைச் சுமந்த பலகையும் ஒரே கூடத்தில் ஒரே பசையால் ஒட்டப்பட்டவை.

இந்த உறவு 1930களில் மேலும் நெருக்கமாயிற்று. வெனெஸ்ராவில் பணியாற்றிய ஜாக் பிரிச்சர்ட் என்பவர் ஐசோகொன் என்ற பெயரில் நவீன வீடமைப்பு, தளபாட முயற்சியொன்றைத் தொடங்கினார். இலண்டன் லோன் வீதியில் 1934இல் திறக்கப்பட்ட அவரது தொடர்மாடி, தனித்து வாழும் நடுத்தர வர்க்கத்தினருக்கான 'குறைந்தபட்ச இல்லம்' என்ற கருத்தில் அமைந்தது. பௌஹவுஸ் கலைக்கூடத்தைச் சேர்ந்த மார்செல் புரோயர், ஜெர்மனியில் நாசிகளின் ஆட்சியிலிருந்து விலகி இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில் ஐசோகொனுக்காக ஒட்டுப்பலகையில் சாய்வுக்கதிரையும், ஒன்றனுள் ஒன்று அடங்கும் சிறுமேசைகளும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கத்தக்க கதிரையும் 1936ஆம் ஆண்டளவில் வடிவமைத்தார். சிறிய அறையில் வாழ்வோருக்குக் கதிரை இடத்தை அடைத்துக்கொள்ளலாகாது என்பதே அதன் அடிப்படை. லோன் வீதியின் குறைந்தபட்ச இல்லம் ஒருவருக்கு ஏறத்தாழ 25 சதுர மீற்றர். லயத்து அறை ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 11 சதுர மீற்றர். அடுக்குக் கதிரையின் தேவை எங்கே பெரிதாயிருந்தது என்பதை இவ்விரு எண்களே சொல்லும். ஆனால் லயத்துக்கு எவரும் கதிரை வரையவில்லை. சிறிய அறையில் மனிதன் எவ்வாறு கண்ணியமாக வாழலாம் என்ற ஆராய்ச்சி, தேயிலைப் பெட்டிப் பலகையை விற்ற நிறுவனத்தின் அருகிலேயே நடந்தது. அப்பெட்டியை நிரப்பியவனைப் பற்றி அது கேட்கவில்லை. பிரிச்சர்டையோ புரோயரையோ இதற்காகக் குற்றஞ்சாட்டுவது வரலாற்று நோக்காகாது. தொழிலாளியைச் சந்தையின் நுகர்வோனாகக் கருத அன்றைய பொருளாதார அமைப்பு இடந்தரவில்லை; அவன் செலவுக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவே.

இலங்கையிலேயே பெட்டிப்பலகை செய்யும் முயற்சி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டைத் தொழிற்சாலையோடு தொடங்கியது. ஒட்டுப்பலகைக்காக 1970களில் சிங்கராஜ வனத்திலும் மரம் தறிக்கப்பட்டு, எதிர்ப்பின் பின் நிறுத்தப்பட்டது. 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. நாளடைவில் பெட்டியின் இடத்தைக் கடதாசிச் சாக்கு பிடித்துக்கொண்டது.

கதிரையை அடுக்குவது எளிய காரியம்போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு முரண்பாட்டைத் தீர்க்கும் முயற்சி. சாதாரண மரக்கதிரை நான்கு காலும் நேராக நிற்பது, கால்களைச் சட்டங்கள் பிணைப்பது. ஒன்றின்மேல் மற்றொன்றை வைத்தால் மேலதன் கால்கள் கீழதன் இருக்கையிலே முட்டிநிற்கும். அடுக்கு உயரும், இடம் மிஞ்சாது. ஒன்று மற்றொன்றினுள் செருகி அமரவேண்டுமாயின் மேற்கதிரையின் கால்கள் கீழ்க்கதிரையின் இருக்கைக்கு வெளிப்புறமாக இறங்கவேண்டும், கால்கள் கீழ்நோக்கி விரியவேண்டும், இருக்கை மெல்லியதாயிருக்கவேண்டும், கால்களுக்கிடையே குறுக்குச்சட்டம் இருக்கலாகாது. குறுக்குச்சட்டத்தை அகற்றினால் உறுதி குறைகிறது. கதிரை முறிவது பெரும்பாலும் இருக்கைச்சட்டம் பின்காலோடு சேரும் மூட்டிலேதான். ஏனெனில் அமர்ந்திருப்பவர் பின்னோக்கிச் சாயும்போது உடற்பாரம் முழுவதும் நெம்புகோல் போல் அம்மூட்டைத் திருகுகிறது. அடுக்குக்கு மெலிவு வேண்டும், உறுதிக்குத் தடிப்பு வேண்டும் என்பதே முரண்பாடு. அடுக்கு உயர உயர முன்னோக்கிச் சரிவது இன்னொரு தொல்லை.

வியன்னாவின் மைக்கேல் தோனெற் 1859இல் வெளியிட்ட வளைமரக் கதிரை இதனைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அடுக்குவதற்குப் பதிலாகக் கழற்றினார். 36 கதிரைகளின் உறுப்புகள் ஒரு கன மீற்றர் பெட்டியில் அடங்கின. தேயிலைப் பெட்டி தட்டையாக வந்திறங்கிய தந்திரமும் இதுவே. பின்னர் 1920களில் உருக்குக் குழாய் வந்தது. விரலளவு தடிப்பிலேயே மனிதன் பாரத்தைத் தாங்கக்கூடியதாகையால் மூட்டுப் பிரச்சினை பெரிதும் தீர்ந்தது. 1964இல் அமெரிக்கரான டேவிட் ரோலண்ட் மெல்லிய உருக்குக் கம்பியில் செய்த கதிரை, 40 கதிரைகளை 4 அடி உயரத்தில் அடுக்கத்தக்கது. அதன் பெயரே அக்கணக்கு.

ஆயினும் ஏழையின் வீட்டுக்கு வந்தது உருக்கு அன்று, பிளாஸ்டிக்கே. இத்தாலிய இரசாயன அறிஞர் ஜூலியோ நாற்றா 1954இல் பொலிபுறொப்பிலீனை உருவாக்கினார். 1963இல் ஆங்கிலேயரான ரொபின் டே அதனை வார்த்து இருக்கையாக்கி உருக்குக் காலில் பொருத்தினார். பாடசாலைகளும் மண்டபங்களும் அதனை ஏற்றன. 1972இல் பிரான்சில் ஹென்றி மாசொன்னே கால், இருக்கை, முதுகு, கை அனைத்தும் ஒரே வார்ப்பாக, ஓரிரு நிமிடத்தில் அச்சிலிருந்து வெளிவரும் கதிரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் காணப்படும் பிளாஸ்டிக் கதிரையின் மூதாதை அதுவே. அதில் மூட்டே இல்லை. ஆகவே முறிய மூட்டும் இல்லை. காலை மூலைமட்டம் போல் இருபக்கம் மடித்ததனால் சில மில்லிமீற்றர் தடிப்பே பாரத்தைத் தாங்குகிறது. அச்சிலிருந்து பொருள் சிக்காமல் கழன்று வர அதன் பக்கங்கள் சற்றே சாய்வாக இருத்தல் வேண்டும். அந்தச் சாய்வே ஒரு கதிரை மற்றொன்றினுள் வழுக்கி இறங்கவும் வழிசெய்கிறது. உற்பத்தி முறையும் அடுக்கும் முறையும் ஒன்றாகிவிட்ட அரிய நிகழ்ச்சி இது. அழகற்றது என்று கலைவிமரிசகர் இதனை எள்ளி நகைப்பதுண்டு. ஆயினும் ஜெர்மனியின் வீத்ரா வடிவமைப்பு நூதனசாலை 2017இல் இதற்கெனத் தனிக் கண்காட்சியே வைத்தது.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பிந்திய பதிற்றாண்டுகளில் இலங்கையிலும் பிளாஸ்டிக் கதிரை பெருகி, மலையகத்தின் நகரக் கடைகளுக்கும் அங்கிருந்து தோட்டத்துக்கும் ஏறியது. லயக் காம்பரா அதனை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் விலை மட்டுமன்று. ஆறு மரக்கதிரைகள் 120 சதுர அடி அறையில் ஏழில் ஒரு பங்கு நிலத்தை எளிதிற் பிடித்துக்கொள்ளும். ஆறு பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கியபோது ஒன்றின் இடத்தையே பிடிக்கும். விருந்தாளி வந்தால் விரியும், போனபின் மூலைக்குச் செல்லும். பாயைச் சுருட்டி வைத்த அதே தர்க்கம். ஈரத்தில் உப்பாது, செல்லரிக்காது, அடுப்புப் புகை படிந்தால் கழுவலாம். இரண்டரைக் கிலோகிராம் அளவே எடையுள்ளதை ஒரு சிறுமி தூக்கி இஸ்தோப்பில் போடலாம். துரையின் சாய்மனைக் கதிரையைத் தூக்க இருவர் வேண்டும். அதுவும் அதன் கம்பீரத்தில் ஒரு பகுதி.

இடப்பிரச்சினை இவ்வாறு தீர்ந்தது. அந்தஸ்துப் பிரச்சினையைப் பிளாஸ்டிக் தீர்க்கவில்லை. அது வேறொரு போராட்டத்தின் வரலாறு. கோ. நடேசய்யர் 1931இல் ஹற்றனில் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததும், 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்ததும், அவ்வாண்டிலேயே துரைமார் சங்கத்தோடு ஏழு அம்ச உடன்பாடு ஏற்பட்டதும் அவ்வரலாற்றின் படிகள். உடன்பாடு என்பது மேசைக்கு இருபுறமும் இருவர் அமர்வதைக் குறிக்கும். 1947 பொதுத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலும் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும் வென்று பாராளுமன்ற 'ஆசனம்' பெற்றனர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தின் பின், 1952 தேர்தலில் அம்மக்களுக்கு ஆசனமே இல்லாது போயிற்று. அவ்வாண்டில் அவர்கள் சத்தியாக்கிரகமாகப் பிரதமர் செயலகத்தின் முன் தரையில் அமர்ந்தனர். நிற்கும்படி பணிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் அமர்ந்தே எதிர்த்தது என்பது தனியே ஆராயத்தக்கது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. சாய்மனைக் கதிரையில் அமர்ந்தவரின் நிறம் மாறிற்று; ஆபீசின் முன் நின்றவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

வீட்டுக்குள் வந்த கதிரை பொதுவிலும் வந்தது. தோட்டத்து மரண உதவிச் சங்கங்கள் கூடாரத்தோடும் பாத்திரங்களோடும் கதிரைகளையும் பொதுச்சொத்தாக வைத்திருப்பதுண்டு. சாவு விழுந்த வீட்டின் முன், லயத்து முற்றத்தில், அவை வரிசையாகப் போடப்படும். மலையிலிருந்து இறங்கி வந்த பெண் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு அமர்கிறாள். கணக்கப்பிள்ளை வந்தாலும் அதே அச்சில் வார்த்த கதிரைதான். மாரியம்மன் திருவிழாவிலோ கதை சற்று வேறு. மேடையிலே மெத்தை தைத்த கதிரைகள். பற்றாக்குறையானால் பிளாஸ்டிக் கதிரைக்கே வெள்ளைத் துணி உடுத்தி முன்வரிசையில் வைத்துவிடுகிறார்கள். ஒரே அச்சில் வந்த பொருளுக்கும் அந்தஸ்து கற்பிக்க ஒரு முழத் துணி போதுமாயிருக்கிறது!

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழுந்துள்ளன. லயங்களோ இன்னும் உள்ளன. அவற்றில் வாழ்வோரும் உள்ளனர். புதிய வீட்டின் முன்னறையில் கதிரைகள் விரித்தபடியே கிடக்கின்றன, அடுக்கவேண்டிய தேவையில்லை. லயத்தில் அவை இரவு ஏழு மணிக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூலைக்குச் செல்ல, அவ்விடத்தில் பாய் விரிகிறது. முற்றத்து வெயிலில் கிடந்து நொறுங்கத் தொடங்கிய கதிரையை எறிந்துவிடுவதுமில்லை. வெடித்த காலுக்குக் கம்பி சுற்றி அடுக்கின் மேலே வைக்கிறார்கள், அவசரத்தில் எவரும் அதை எடுத்து விருந்தாளிக்குப் போட்டுவிடாதபடி ஒரு துணித்துண்டை அதில் கட்டி.